எங்கள் பள்ளியில் விழ மறுத்த பேரரசு

மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களே, உங்கள் கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசும்படி கேட்டிருந்தீர்கள். மேடை ஏறினால் நான் நாலு வார்த்தையோடு இறங்க மாட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். சலிப்புத் தட்டினால் ஓரமாக வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போகலாம். நான் பார்க்கவா போகிறேன்?

நான் வரலாறு நடத்தியவள். சேலத்தில் பிறந்தவள். ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தபோது, எப்படியாவது ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும் என்றுதான் பெட்டியைக்கூடப் பாதி பிரிக்காமல் வைத்திருந்தேன். ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. பாடம் எப்படி நடத்துவது என்று உங்களுக்குச் சொல்லித்தரும் எண்ணம் எனக்கில்லை. அதற்கென்றே பயிற்சி வைத்து உங்களை ஏற்கெனவே களைக்க வைத்திருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. பாடம் கை நழுவி வகுப்பறைக்கு வெளியே போய் விழுந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது? மௌரியப் பேரரசு ஒருமுறை என் கையிலிருந்து அப்படி நழுவியது. அதில் ஒரு பெண்ணின் படிப்பே போக இருந்தது.

நடந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால். ஆண்டு விழாவுக்கு நாடகம் போட வேண்டும். ஆண்டு விழா என்றால் எந்தப் பள்ளியிலும் அசோகர் வந்துவிடுவார். கலிங்கப் போர் முடியும், வாளைக் கீழே போடுவார், சாலையோரம் மரம் நடுவார், திரை விழும், பெற்றோர் கைதட்டுவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மரம் நட்டதோடு கதை முடிந்துவிட்டதா என்ன? சந்திரகுப்தர் கட்டியெழுப்பி, பிந்துசாரர் விரிவாக்கி, அசோகர் உச்சிக்குக் கொண்டுபோன அந்தப் பேரரசு, அசோகருக்குப் பிறகு அரை நூற்றாண்டு தாக்குப்பிடிப்பதற்கே திணறிப்போயிற்று. தூரத்து மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசி அரசன் பிருகத்ரதன் தன் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் படையின் கண்ணெதிரிலேயே, அவனுடைய சேனாதிபதி புஷ்யமித்திரன் அவனைக் கொன்றுவிட்டான். அத்தோடு மௌரியர் கதை முடிந்தது. இந்தக் கடைசிக் காட்சிவரை நாடகம் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

தலைமை ஆசிரியருக்கு மனமே இல்லை.

"எதுக்குங்க டீச்சர் இந்த வெட்டுக் குத்தெல்லாம்? அசோகரு மரம் நட்டதோட முடிச்சுக்கலாமுங்களே."

"எழுந்ததை மட்டும் காட்டுனா அது விளம்பரமுங்க சார். விழுந்ததையும் காட்டுனாத்தான் வரலாறு."

"சரிங்க. ஆனா எது விழுந்தாலும் உங்க பொறுப்பு" என்று சொல்லி அனுமதி கொடுத்தார். அந்த மனிதருக்குக் கருநாக்கு என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பிள்ளைகளில் பாதிப் பேர் எஸ்டேட்டிலும் சொந்தக் காட்டிலும் இருந்தார்கள். வந்த பையன்களோ, ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறோம், வசனம் மட்டும் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அதனால் அரசர்கள் எல்லோருமே பிளஸ் ஒன் பெண்கள்தான். சேனாதிபதி புஷ்யமித்திரன், மாரமங்கலத்துச் செல்வி. கடைசி மௌரியன், பூங்கொடி.

பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மநத்தம் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அந்த ஊரிலிருந்து பிளஸ் ஒன் வரை வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய அப்பா அங்கே ஊர்க்கவுண்டர். அதாவது ஊர்த் தலைவர். மிளகும் காப்பியும் கொஞ்சம் சாமையும் வைத்திருக்கும் விவசாயி. அதிகம் பேச மாட்டார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து மகள் பேசுவாள். வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் என்னிடம் மூன்று கேள்வி கேட்பாள். மற்ற ஆசிரியர்கள் அதைத் தொல்லை என்றார்கள். நான் வெளியே தொல்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் அதற்காகவே வகுப்புக்குப் போனேன்.

கடைசி அரசனுக்கான மகுடத்தை ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாயிடம் வாங்கினோம். அட்டையில் தங்கத்தாள் ஒட்டியது. எடுத்துக் கொடுக்கும்போதே அவர் சொன்னார். "நனைஞ்சா நான் பொறுப்பில்லீங்க டீச்சர். இது கீழ சேலத்துல செஞ்ச மகுடம். மலைப்பனி தாங்காது."

தாங்கவில்லை. விழா அன்று காலையிலிருந்து மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மதியத்துக்குள் மகுடம் நமத்துப்போன அப்பளமாகத் தொங்கியது. சந்திரகுப்தருக்கும் அசோகருக்கும் பழைய நாடகத்து மகுடங்கள் இரண்டை ஊசி போட்டு ஒப்பேற்றிவிட்டோம். பிருகத்ரதனுக்கு ஒன்றும் இல்லை. "விடுங்க டீச்சர், என் தலைக்கு நான் பாத்துக்கறேன்" என்றாள் பூங்கொடி. ஒலிபெருக்கிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான், "என்னமோ செய் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பெற்றோர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. சந்திரகுப்தர் வந்தார், போனார். அசோகர் மரம் நட்டார், கைதட்டல் கிடைத்தது. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, இதோடு நிறுத்தியிருக்கலாம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைசிக் காட்சி. பையன்கள் ஈட்டியோடு வரிசையாக நின்றார்கள். பிருகத்ரதன் நடந்து வந்தான்.

தலையில் சந்தன நிறத் துணி, சிவப்புக் கரை, நேர்த்தியான கட்டு. அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நான் மேடை ஓரத்தில் நின்று பூரித்துப்போனேன். மண்டபம் சட்டென்று அடங்கியது. நடிப்பில் மயங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன் என்றால் பாருங்கள்.

செல்வி தெர்மகோல் வாளோடு முன்னால் வந்தாள். "மன்னா, உன் காலம் முடிந்தது" என்று வசனம் சொல்லி, இடது கையால் மகுடத்தைத் தட்டிவிட்டு, வலது கையால் குத்த வேண்டும். வசனத்தைச் சொன்னாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பூங்கொடி பொறுத்துப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "வெட்டு புள்ள!" என்றாள். சட்டையில் மைக் மாட்டியிருந்ததை மறந்துவிட்டாள். தன்னைக் கொல்லச் சொல்லி அரசனே கெஞ்சுவது மண்டபம் முழுக்கக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மாட்டேன் போ. உருமாலை மேல நான் கை வெக்க மாட்டேன்" என்றாள் செல்வி. அவள் சட்டையிலும் மைக் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உருமாலை என்பது ஊர்க்கவுண்டரின் தலைக்கட்டு. வருஷம் பூராவும் பெட்டியில் இருக்கும். கோயில் திருவிழா அன்றும் ஊர்க்கூட்டத்தின்போதும்தான் வெளியே வரும். ஊர் கூடி ஒருவர் தலையில் அதைக் கட்டினால் அவர் தலைவர். அவிழ்த்தால் இல்லை. பெண்கள் அதைக் கட்டும் வழக்கமே கிடையாது. தரையில் விழவிடும் பேச்சே கிடையாது. சேர்வராயன் கோயில் திருவிழாவில் இதே துணியைப் பூங்கொடியின் அப்பா தலையில் நானே பார்த்திருக்கிறேன். அன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய ஊர் உட்கார்ந்திருந்தது.

மேடையில் அத்தனை பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பள்ளி மணியை எடுத்து ஓங்கி அடித்துவிட்டு மேடை ஏறினேன். "நாடகம் இத்துடன் நிறைவு பெறுகிறது" என்று சொல்லி, பூங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மௌரியப் பேரரசு எங்கள் பள்ளியில் விழாமலேயே நின்றுபோனது.

எங்கள் கணக்கு சார், உங்களைப்போலப் புதிதாக வந்தவர், நல்ல பிள்ளை, பிறகு கேட்டார். இன்னும் ஒரு நிமிஷக் காட்சிதானே, துணியை மட்டும் தட்டாமல் குத்திவிடு என்று செல்விக்குச் சைகை காட்டியிருக்கலாமே என்று. காட்டியிருக்கலாம். ஆனால் அதைச் செய்திருந்தால் உருமாலை கட்டியவரைக் குத்திய காரியம் செல்வியின் கையால் நடந்ததாக ஆகியிருக்கும். எந்தப் பெரியவரும் தீர்க்க முடியாத சிக்கலைப் பதினாறு வயதுப் பிள்ளை மேடையில் நின்று தீர்க்கக் கூடாது. நெருக்கடி வரும்போது உங்கள் முதல் வேலை, முடிவெடுக்கும் பாரத்தைப் பிள்ளைகள் தலையிலிருந்து எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்வது. கேலி செய்வார்கள். செய்யட்டும். மணி அடித்தது யார் என்று கேட்டால் டீச்சர் என்றுதான் ஊர் சொன்னது, செல்வி பெயரை யாரும் எடுக்கவில்லை.

பூங்கொடியின் அப்பா மேடைக்கு வந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அவிழ்த்துக் கொடுத்தாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனார். மகளும் பின்னால் போனாள்.

அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. செல்விதான் செய்தி கொண்டுவந்தாள். "ஊர்க்கூட்டம் போடறாங்களாம் டீச்சர். படிச்சுப் படிச்சுத்தான் அவளுக்குத் திமிரு ஏறிருச்சு, நிறுத்திப்போடோணும்னு பேசிக்கறாங்களாம். அவுங்க அப்பாவையும் எறக்கிருவாங்களாம்."

கணக்கு சார் கொதித்துவிட்டார். "இப்பவே அதிகாரிங்களுக்குப் போன் போடுவோமுங்க டீச்சர். படிப்பை நிறுத்தறதுக்கு இவங்க யாருங்க?"

அவர் கோபத்தில் ஒரு பிசகும் இல்லை. எனக்கும் அதே கோபம்தான் இருந்தது. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. ஆனால் நான் வேறு ஒன்றையும் யோசித்தேன். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினால் பூங்கொடி மறுநாளே பள்ளிக்கு வந்துவிடுவாள், சரி. சாயங்காலம் பஸ் ஏறி எந்த ஊருக்குத் திரும்புவாள்? யார் வாசல் அவளுக்குத் திறந்திருக்கும்? சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அதை முதல் வேலையாக வெளியே எடுக்கத் தேவையில்லை. அதே சமயம் அது நம்மிடம் இருக்கிறது என்பதை மறக்கவும் கூடாது. "கூட்டம் முடியட்டுமுங்க சார். முடிவு கோணலா வந்தா நானே கூப்பிடறேன்" என்று சொல்லி, அதிகாரியின் எண்ணை என் போனில் ஏற்றிக்கொண்டேன். அழைத்திருப்பேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

மறுநாள் அவர்கள் ஊருக்குப் போனேன். பூங்கொடியின் அம்மா வாசலிலேயே, "வாங்க டீச்சர், ஊட்டுக்குள்ள வாங்க" என்று கூப்பிட்டு, காப்பி கொடுத்து, பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இவளைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு ஊமையப் பெத்திருக்கலாமுங்க" என்றார். பூங்கொடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் கண்ணு அதை எடுத்தே? தெரியாதா உனக்கு?"

"தெரியுமுங்க டீச்சர். அசோகருக்கெல்லாம் நல்ல மகுடம். கடைசி ராசாவுக்கு மட்டும் நனைஞ்சுபோனது. அவரு எப்படியும் சாகத்தான் போறாரு. சாகறப்பவாச்சும் ராசா மாதிரி நிக்கட்டுமேன்னு மத்தியானம் பஸ்ஸுல வந்து பெட்டியிலிருந்து எடுத்தேனுங்க. நொம்பப் பாவமா இருந்துச்சுங்க."

அந்தக் கடைசி அரசனுக்காக இரக்கப்பட்ட ஒரே ஆளை என் பணிக்காலத்தில் அன்றுதான் பார்த்தேன். நானே பட்டதில்லை. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக மட்டுமே அவனை எனக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா மிளகுக்கொடி கட்டிவிட்டு வந்தார். கூட்டத்துக்கு நான் வரலாமா என்று கேட்டேன். வெகுநேரம் கை கழுவினார். "நான் உங்களைக் கூப்பிட முடியாதுங்க. என் ஊட்டு விசயம் அது. நீங்களா வந்தா, வேண்டாம்னும் சொல்ல முடியாதுங்க."

அதைவிடத் தெளிவான அழைப்பு எனக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் வந்ததில்லை.

கூட்டம் காப்பி காயவைக்கும் களத்தில் நடந்தது. பழத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாக்கு விரித்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. கணக்கு சார் என் பின்னால் நின்றார். சும்மா நிற்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அழைத்துப் போனேன். வழக்கமாக நடுவில் உட்கார வேண்டியவர் பூங்கொடியின் அப்பா. ஆனால் தன் வீட்டு வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்பது அவர்களுடைய முறை. எனவே முதல் காரியமாக அவர் உருமாலையை அவிழ்த்து, பித்தளைத் தட்டில் வைத்துவிட்டு, கீழே போய் மற்றவர்களோடு உட்கார்ந்தார். வழக்கு முடியும்வரை அவர் யாரோ ஒருவர். பல ஊர்களுக்குப் பெரியவரான பட்டக்காரர் வந்து நடுவில் உட்கார்ந்தார். வெற்றிலை மென்றபடி எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். எத்தனையோ விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். தன் ஆள் வழக்கு என்று எழுந்து போன தலைவரை அங்கெல்லாம் பார்த்ததில்லை.

முதலில் பேசியவர் பூங்கொடியின் அப்பாவுக்குப் பங்காளி. அந்த உருமாலை தன் தலைக்கு வர வேண்டியது என்று அவருக்கு நெடுநாள் எண்ணம் என்பதை வழியிலேயே எனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "பொம்பளப்புள்ள கட்டுனதே தப்பு. அதையும் நாடகத்துல தட்டி உட்டுட்டு வெட்டறதா இருந்துச்சாம். இதைத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்களா, கேளுங்க."

பட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, நடந்ததற்குப் பள்ளியின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். எந்தத் துணி எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டு மேடையேற்றியிருக்க வேண்டும், அது எங்கள் வேலை, பிள்ளையின் வேலை இல்லை என்று சொன்னேன். இன்னும் பெரிதாகப் பேச ஒரு சொற்பொழிவு தயாரித்திருந்தேன். அதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டுமுங்க. நாடகம் பாதியில நின்னு போச்சாமே. நிக்காட்டி அப்புறம் என்ன ஆகியிருக்குமுங்க?"

இந்த இடம்தான், நான் உங்களிடம் சொல்ல வந்த இடம். என் நாக்கில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. அரசன் மகுடத்தை மரியாதையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குத் தவம் செய்யப் போயிருப்பான் என்று சொல்லிவிடலாம். யார் போய்ப் புத்தகத்தைப் பார்க்கப்போகிறார்கள்? பூங்கொடி தப்பித்தாலும் தப்பிப்பாள். ஆனால் அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் நடத்திய பாடம் அவளுக்குத் தெரியும். அவள் முன்னால் அதை மாற்றிச் சொன்னால், அவள் எந்தப் படிப்புக்காக இத்தனை பேச்சு வாங்குகிறாளோ, அந்தப் படிப்பு நெருக்கடி வந்தால் வளைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகிவிடும்.

"தட்டி உட்டுருப்பாங்க. அப்புறம் குத்தியிருப்பாங்க. அது நடந்த கதைங்க" என்றேன்.

களத்தில் சலசலப்பு. பட்டக்காரர் அடங்கச் சொல்லிவிட்டு, "முழுசாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். சந்திரகுப்தரிலிருந்து ஆரம்பித்தேன். வடக்கே எவ்வளவு தூரம், தெற்கே எவ்வளவு தூரம் என்று காப்பிக் களத்திலேயே கையால் காட்டினேன். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாக நான் அந்தப் பாடத்தை நடத்தியதில்லை. பயம் நல்ல ஆசிரியர்.

"நம்ம மலையையும் அவுங்கதான் ஆண்டாங்களா?" என்றார் பட்டக்காரர்.

"இல்லீங்க. அவுங்க அதிகாரம் இங்க வரலீங்க. தகடூர்ப் பக்கத்து ஆளுங்களையெல்லாம் அண்டை நாட்டுக்காரங்கன்னுதான் அசோகரு கல்லுல வெட்டி வெச்சிருக்காருன்னு சொல்றாங்க."

அதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. ஒருவர், "அதானே பாத்தேன்" என்றார். பிறகு வீழ்ச்சியைச் சொன்னேன். படை வரிசையாக நின்றது, அரசன் பார்வையிட வந்தான், சொந்தச் சேனாதிபதி கொன்றான்.

"அந்தச் சேனாதிபதிக்கு என்ன தண்டனை குடுத்தாங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"தண்டனை இல்லீங்க. அவரே ராசா ஆயிட்டாருங்க."

சிலர் சிரித்தார்கள். பங்காளி சிரிக்கவில்லை. அப்போது தள்ளி நின்ற பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பூங்கொடியின் அம்மா. கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கம் இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அத்தனை படையும் நின்னுச்சுன்னீங்களே டீச்சர். ஒருத்தருகூட ஏனுங்க தடுக்கலை?"

தெரியாது என்றே சொன்னேன். படைக்கு அரசன் மேல் நம்பிக்கை போயிருக்கலாம், பயந்திருக்கலாம், எவன் வந்தால் நமக்கென்ன என்று இருந்திருக்கலாம், புத்தகத்தில் இல்லை என்றேன்.

பட்டக்காரர் பெரியவர்களோடு ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார். குரலில் கடுமை இல்லை. உருமாலைக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும், கோயிலுக்குச் செய்ய வேண்டியதை அந்த வீட்டார் செய்ய வேண்டும். பிள்ளை இதுவரை படித்தது போதும், இனி வீட்டில் இருக்கட்டும். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் உருமாலையை இப்போதே அவர் தலையிலேயே திரும்பக் கட்டிவிடலாம். ஊர் அவரை விட்டுக்கொடுக்காது.

நான் பையில் கையை விட்டுப் போனைப் பிடித்துக்கொண்டேன். கணக்கு சார் என் நாற்காலியை நெரித்துக்கொண்டிருந்தார். அது கிறீச்சிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு இருவர் பூங்கொடியின் அப்பாவிடம் போனார்கள். அவர் தலையைக் குனிந்தால் போதும், கட்டிவிடுவார்கள்.

அவர் எழுந்து நின்றார். குனியவில்லை.

"தப்பு நடந்துபோச்சுங்க. கோயிலுக்குச் செய்யறதை நான் செஞ்சர்றேனுங்க. ரெண்டாவது சொன்னதுக்குத் தலை குனிய மாட்டேனுங்க."

"அப்ப உருமாலை?" என்றார் பட்டக்காரர்.

"உருமாலைக்கு வேற தலை கெடைக்குமுங்க. எம்புள்ளைக்கு வேற அப்பன் கெடைக்காதுங்க."

சொல்லிவிட்டு, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, களத்தை விட்டு நடந்தார். பூங்கொடி ஓடிப்போய்ப் பின்னால் சேர்ந்துகொண்டாள். அவளுடைய அம்மாவும் பின்னாலேயே போனார். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அன்றைக்குத் தடுக்காமல் நின்றது நல்லதாகப் போயிற்று.

நான் போனை வெளியே எடுக்கவே இல்லை. இதில் என் சாமர்த்தியம் என்று நீங்கள் யாரும் பாராட்டிவிட வேண்டாம். கூட்டத்துக்குப் போனேன், கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். முந்திக்கொண்டு ஜீப்பை வரவழைத்திருந்தால், அந்த மனிதர் இப்படி எழுந்து நிற்க இடமே இருந்திருக்காது. அரசாங்கம் கட்டாயப்படுத்தியதால் அனுப்பினார் என்று போயிருக்கும். அவர் விட்டுக்கொடுத்தது அவருடையது. அதை அவரே கொடுக்கும்படி விட்டதுதான் நான் செய்த காரியம்.

ஆனால் அவருக்கு அது சும்மா இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். அவருடைய அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவரும் கட்டிய துணி அது. அடுத்த திருவிழாவில் பங்காளி தலையில் அதைப் பார்த்தேன். பூங்கொடியின் அப்பா வெறுந்தலையோடு கூட்டத்தில் ஓரமாக நின்று சாமி கும்பிட்டார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

கூட்டம் நடந்ததற்கு அடுத்த நாள் காலை நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவரே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூங்கொடி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். விட்டுப்போன பாடங்களைச் செல்வியிடம் வாங்க வேண்டுமாம், நிற்க நேரமில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

"நேத்து நீங்க கதைய மழுப்பிருவீங்கன்னு நெனச்சேனுங்க. மழுப்பலீங்க. அப்புறம் நான் மட்டும் எப்படிங்க மழுப்பறது?"

நான் எழுந்து நின்றேன். அவர் பதறிப்போனார். "அட, உக்காருங்க டீச்சர். நான் இப்ப ஊர்க்கவுண்டர் இல்லீங்க."

"அதுக்காக எந்திரிக்கலீங்க" என்றேன்.